மறுமொழி: 'யு வடிவப் பள்ளத்தாக்கு' – தமிழில் எது சரி?

அனைவருக்கும் வணக்கம்.

புவியியல் பாடம் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. பனியாறு குடையும், ஆங்கில U போன்ற பள்ளத்தாக்குக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்தவற்றில் இரண்டு சொற்கள்தான் தேறுகின்றன: 'பனியகழ் பள்ளத்தாக்கு', 'ப வடிவப் பள்ளத்தாக்கு'.

> பனி அகழ்ந்ததால் பனியகழ் பள்ளத்தாக்கு. எழுத்தைக் காட்டிப் பெயரிடுவது நம் மரபன்று.

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர் கண்ணில் முதலில் படுவது செங்குத்துச் சுவரும் அகன்ற அடியும். ஆறு தன் படுகையை மட்டும் அறுக்கும், இருபுறச் சரிவும் மெல்லச் சரிந்து ஆங்கில 'வி' (V) போலாகும். பனியாறோ, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளோ, பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு நகர்வதால் அடியையும் சுவரையும் சேர்த்தே அரைக்கும். வடிவத்தைப் பார்த்து இதை மாணவரே ஊகிக்க வேண்டும். பெயரிலேயே பனியை வைத்துவிட்டால் ஊகிக்க என்ன மிச்சம்?

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கையே பாருங்கள். பள்ளத்தாக்கின் தரை அமிழ்ந்துபோனது என்றார் புவியியலாளர் ஜோசையா விட்னி, பனியாறு குடைந்தது என்றார் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர். இருவரும் பார்த்தது ஒரே வடிவத்தை. வடிவம் சான்று, பனி முடிவு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதே என் வாதம்.

> 'ப'வுக்கு மூலை உண்டு. பனி குடைந்த பாறை வளைவாக அல்லவா இருக்கும்?

உண்மைதான் அம்மா. பாறையின் அடி வளைவுதான். ஆனால் பனி உருகிய பிறகு ஏரியும் ஆறும் கொண்டுவந்த வண்டல் அதை நிரப்பிச் சமமாக்கிவிடுகிறது. யோசெமிட்டியில் அந்த வண்டல் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன். நாம் பார்க்கும் தரைக்கு 'ப' நன்றாகவே பொருந்துகிறது.

'வி' வடிவத்துக்கு 'விடர்' என்று ஒருவர் சொன்னார். குறிஞ்சிப் பாடல்களில் புலி கிடக்கும் இடம் அது! எனக்கும் ஆசைதான். ஆனால் விடர் என்பது பாறைப் பிளவு, ஆறு அறுத்த அகன்ற சரிவுக்கு ஒட்டாது.

'தொங்கு பள்ளத்தாக்கு' என்ற சொல் அப்படியே இருக்கட்டும். கிளைப் பனியாறு மெலிந்தது, பெரியதைப் போல ஆழமாகக் குடையாது. பனி போனபின் கிளைப் பள்ளத்தாக்கின் வாய் உயரத்திலேயே நின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னனில் ஸ்டவ்பாக் அருவி அப்படித்தான் ஏறக்குறைய 300 மீட்டர் விழுகிறது. பனி உரசிய பாறைக் கீறல்களும் மொரைன் மேடுகளும் (பனியாறு விட்டுச்சென்ற கல், மண் குவியல்கள்) கூடவே கிடைத்தால் பனியாறு இருந்தது என்று துணிந்து சொல்லலாம். 'பனியகழ் பள்ளத்தாக்கு' என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறேன் ஐயா.

பெரும்பாலோர் 'ப' பக்கம் இருப்பதால் அதையே அனுப்புகிறேன்.

---

மறுமொழி:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்குத் தமிழெழுத்து, பக்கத்துப் படத்துக்கு ஆங்கில எழுத்தா? 'வி'க்கு ஈடாக நம்மிடம் எழுத்தில்லை என்பதாலேயே எழுத்தைக் காட்டிப் பெயரிடும் முறை நிற்காது என்கிறேன். 'ஆப்பு வடிவம்' என்றாவது போடுங்கள். 'பள்ளத்தாக்கு' என்பதில் உள்ள 'தாக்கு' குறித்துத் தனி இழையில் எழுதுகிறேன்.