மாதச் சம்பளம் இல்லாத கல்யாணப் போட்டோகிராபர்: வாடகை வீட்டுக்கு ஓனரிடம் என்ன காட்டுவது?

போரூர்_லென்ஸ்

வணக்கம். நான் கல்யாணப் போட்டோகிராபர். சொந்தத் தொழில். ஷூட்டும் எடிட்டிங்கும் நான், ஆல்பம் டிசைன் மனைவி. மகள் பிறந்ததிலிருந்து போரூரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஓனர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, எங்கள் மாடி போர்ஷன் அவர்களுக்கு வேண்டும். தை பிறப்பதற்குள் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மனிதர் தங்கமானவர், அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை.

சிக்கல் புது வீடு பிடிப்பதில். மகளின் பள்ளி இங்கே என்பதால் போரூர், ராமாபுரம், முகலிவாக்கம் தாண்டிப் போக முடியாது. இந்தப் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களை நம்பி வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். டு-லெட் போர்டைப் பார்த்துப் போன் செய்தால் முதல் கேள்வியே “எந்தக் கம்பெனி சார்?” சொந்தமாகப் போட்டோகிராபி என்றதும் குரல் மாறிவிடுகிறது. ஒருவர், “கேமராமேனா? சினிமாக்காரங்களுக்குத் தர்றதில்லைங்க” என்று போனை வைத்துவிட்டார். கல்யாணத்துக்குத்தான் எடுக்கிறேன் என்று சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

இன்னொரு தொந்தரவு நேரம். முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறுக்குள் என்றால் மூன்று மணிக்கே லைட், ஸ்டாண்டு, பேக் எல்லாம் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ரிசப்ஷன் முடித்து வர இரவு பன்னிரண்டாகும். “பத்து மணிக்குக் கேட் பூட்டிடுவோம்” என்று சொல்கிற வீடுகளில் எப்படி இருப்பது?

எங்கள் வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவது. தை, வைகாசி, ஆவணியில் தூங்க நேரமிருக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் பிறந்தநாள் விழாவும் தேங்கிப்போன ஆல்ப வேலையும்தான். பாக்கிப் பணம் ஆல்பம் வாங்க வரும்போதுதான் கிடைக்கும். மாப்பிள்ளை வெளிநாடு போய்விட்டால் அது எப்போது வரும் என்றே தெரியாது. ஆனாலும் வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. தை, வைகாசியில் வருவதிலிருந்து ஆடி, மார்கழி வாடகையை மனைவி தனிக் கணக்கில் எடுத்து வைத்துவிடுவார்.

இப்போது முகலிவாக்கத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, வாடகை 18,000. சம்பளக்காரர் என்றால் ஐந்து மாத அட்வான்ஸ் போதுமாம், நமக்கு மட்டும் பத்து மாதம், அதாவது 1,80,000. புரோக்கர் ஒரு வழி சொல்கிறார்: தெரிந்தவர் கம்பெனியில் சம்பளச் சீட்டு அடித்து வாங்கிக்கொடுத்தால் ஐந்து மாதத்துக்கு அவரே பேசி முடிப்பாராம். எனக்கும் மனைவிக்கும் இதில் துளியும் விருப்பம் இல்லை. உழைத்துத்தான் சம்பாதிக்கிறோம், ஏன் பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டும்?

சம்பளச் சீட்டு இல்லாமல் இதை எப்படிப் பேசுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_மேசை

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முதலில் அந்தச் சீட்டு விஷயம்: வேண்டவே வேண்டாம். அது போலி ஆவணம், நாளைக்குப் பிரச்சினை என்றால் உங்கள்மேல்தான் திரும்பும். அது மட்டுமல்ல, ஓனர் கீழ்வீட்டில் இருந்தால் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நீங்கள் வீட்டில் இருப்பதைப் பார்ப்பாரே, தினமும் என்ன பதில் சொல்வீர்கள்?

நீங்கள் வருமான வரிக் கணக்கை ஐடிஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்கிறவர் என்று நினைக்கிறேன். உத்தேச வருமான முறையில், அதாவது வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டுகிற வழியில், போகிறவர்களுக்கு வீடு பார்க்கும்போது ஒரு வில்லங்கம் வரும். சிறு வியாபாரத்துக்கு வங்கி, யுபிஐ வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினாலே போதும் என்று பலர் அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்பது லட்சம் வரவுள்ளவர் 8 சதவீதம் காட்டினால் வருட வருமானம் 72,000 என்று வரும். அதைப் பார்க்கிற ஓனர், மாதம் ஆறாயிரம் சம்பாதிப்பவர் எப்படிப் பதினெட்டாயிரம் வாடகை தருவார் என்றுதான் கேட்பார். அந்த 6, 8 எல்லாம் அடிமட்ட அளவு. நிஜ லாபம் அதற்கு மேல் இருந்தால் நிஜத்தைத்தான் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியிருந்தால் தாராளமாக ஐடிஆரை எடுத்துப்போங்கள், இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்து.

ஐடிஆரைவிடப் பேசுவது வங்கிக் கணக்கு. மூன்று மாத ஸ்டேட்மென்ட் கொடுக்காதீர்கள், பன்னிரண்டு மாதத்துக்கு எடுங்கள். ஆடி, மார்கழி இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பழைய ஓனருக்கு வாடகை போன வரியை மட்டும் மஞ்சள் பேனாவால் குறித்துவிடுங்கள். மற்ற வரவு செலவு அவருக்குத் தேவையில்லை, வேண்டுமானால் மறைத்தே நகல் எடுங்கள். மண்டபத்தில் கையில் வாங்குகிற பாக்கியையும் கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள். கையோடு கரைந்துபோன பணத்தை யாரிடமும் காட்ட முடியாது.

உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஆதார், பான் இருந்தால் ஆன்லைனிலேயே முடியும், கட்டணம் கிடையாது. தொழில் பெயரும் முகவரியும் உள்ள ஒரு அரசுச் சான்று கையில் இருப்பது நல்லது. வீடு மாறியதும் முகவரியையும் அதில் மாற்ற வேண்டும்.

அம்பத்தூர்_டீச்சர்

தம்பி, நான் வாடகைக்கு விடுகிற ஆள். கணவர் காலமான பிறகு என் பென்ஷனும் மாடி வாடகையும்தான் வருமானம். ஓனர்கள் ஏன் சம்பளச் சீட்டு கேட்கிறோம் என்றால், வேறு என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எங்கள் பயம் ஒன்றுதான்: வாடகை நின்றுபோனால் வயதான காலத்தில் யாரிடம் போய் நிற்பது?

என் மாடியில் இப்போது இருப்பவர் கோயம்பேட்டில் பூ வியாபாரம் செய்கிறார். சீட்டும் இல்லை, கம்பெனியும் இல்லை. வந்த அன்றைக்குத் தன் பழைய ஓனருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த அம்மா அரை மணி நேரம் பேசினார். தண்ணீர் மோட்டாரை யார் போடுவார்கள், விருந்தாளிகள் எத்தனை நாள் தங்குவார்கள் என்பதுவரை கேட்டுக்கொண்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்கள் ஓனர் தங்கமானவர் என்கிறீர்கள். அவரையே பேசச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள். அவர் மகன் கல்யாணத்துக்காகத்தான் காலி செய்கிறீர்கள் என்று அவர் வாயால் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

கேட் விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், குடிவந்த பிறகு தெரிந்தால்தான் கோபம் வரும். பூக்காரர் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புவார். தனிச் சாவி கொடுத்திருக்கிறேன். கேட் சங்கிலிமேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார். அவர் போவதும் வருவதும் எனக்குத் தெரிவதே இல்லை.

அந்தத் தனிக் கணக்கு பற்றியும் உங்கள் மனைவியையே சொல்லச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அதைக் கேட்டதும் சாவியைக் கொடுத்திருப்பேன்.

வாடகை_அனுபவம்

அட்வான்ஸ் பற்றி நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு ஓனர், வாடகைதாரர் பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு வந்தது இது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. “வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை” என்ற இடத்தைக் கவனியுங்கள். பத்து மாதம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது. எனவே பேச்சு எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

உங்கள் கணக்கில் மூன்று மாதம் 54,000. பத்து மாதத்தோடு பார்த்தால் 1,26,000 வித்தியாசம். உங்கள் தொழிலில் அது ஒரு நல்ல லென்ஸ். அதை ஓனரிடம் முடக்குவதற்குப் பதில், “ஐந்து மாதம் அட்வான்ஸ் தருகிறேன், ஆடி வாடகையை ஆனி முடிவதற்குள்ளும் மார்கழி வாடகையை ஐப்பசியிலும் முன்கூட்டியே போட்டுவிடுகிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதலாம். அவர் பயப்படுவது அந்த மாதங்களுக்குத்தானே.

பதினோரு மாத ஒப்பந்தம் என்பதால் பதிவே வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, அது சரி. ஆனால் இந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்; அரசின் இணையதளம் வழியாகவே செய்யலாம், பதிவு எண் கொடுப்பார்கள். பெரிய அட்வான்ஸ் கொடுக்கிறவர்களுக்கு இது மிக முக்கியம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். என் முந்தைய வீட்டில் பெயின்ட் என்று சொல்லி ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து, பெயின்டுக்கு எவ்வளவு என்பதை எண்ணால் எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ஆரி_செல்வி

அண்ணா, நான் வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன், பிளவுஸ் ஆர்டர். அண்ணி வீட்டில் ஆல்பம் டிசைன் செய்கிறார் என்பதால் சொல்கிறேன்: வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தினால் வணிகக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்வார்கள் என்று ஓனர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. எனக்கு இதனாலேயே ஒரு வீடு கைவிட்டுப் போனது. வாசலில் போர்டு வைக்க மாட்டோம், கஸ்டமர் இங்கே வர மாட்டார்கள், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆல்பம் வாங்க வருகிறவர்களை எங்கே சந்திப்பீர்கள் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். கரண்டுக்கு யூனிட் எவ்வளவு என்று ஓனர் தனி ரேட் சொன்னால், மின்வாரிய பில் தொகையையே கட்டுகிறோம் என்று கேளுங்கள். எடிட்டிங் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடுமே, அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

போரூர்_லென்ஸ்

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா, உங்கள் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தனிக் கணக்கின் பாஸ்புக்கைத் தானே எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டார். இப்போதைய ஓனரிடமும் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை முகலிவாக்கத்துக்குக் கூடவே வருகிறார். புரோக்கரிடம் சீட்டு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பரவாயில்லை. ஆல்பம் கொடுக்கிற வேலையை வளசரவாக்கத்தில் பிரிண்ட் போடுகிற லேபிலேயே வைத்துக்கொள்ளலாம், அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

ஆடி வாடகையை ஆனியில் போடுகிற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கு ஒப்பந்தத்தில் எழுதுவது போதுமா, இல்லை ஒவ்வொரு முறையும் ரசீது வாங்க வேண்டுமா?

வாடகை_அனுபவம்

ரசீதும் வாங்குங்கள். எந்த மாத வாடகை என்று அதில் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணமாகப் போட்டதை அட்வான்ஸோடு சேர்த்துக் குழப்பிவிடுவார்கள். வங்கியில் அனுப்பும்போது குறிப்பிலும் மாதத்தின் பெயரைப் போடுங்கள். தமிழ் மாதம் வேண்டாம், ஜூலை, ஆகஸ்ட் என்றே போடுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயரோடு மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.