ஆடிக் காற்றிலும் பறித்துக் கட்ட ஒரு பூ வேண்டும்

புதூர் மருமகள் (செண்பகராமன்புதூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு செண்பகராமன்புதூரில். தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில்தான். கூடை கூடையாகப் பூ வந்து இறங்குகிற இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் எதற்குப் பூச்செடி என்று பலரும் கேட்கிறார்கள். என் அத்தைக்காகத்தான் வளர்க்கிறேன். வயது 80 தாண்டிவிட்டது. பிறந்தது தோவாளை. சின்ன வயதிலிருந்தே சந்தைக்குச் சரம் கட்டிக் கொடுத்துப் பழகிய கை. இப்போது முட்டுவலி, நடைப்படி தாண்டுவதில்லை. ஆனால் காலையில் கருப்பட்டிக் காப்பி குடித்ததும் வாழைநாரை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு, "மக்களே, இன்னைக்கு என்ன பூ?" என்று கேட்பார்கள்.

அவர்கள் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பும் காம்பும் தொடுகிற இடத்தில் நார் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. கண் சரியாகத் தெரியாது. மொட்டின் பருவம் விரல் நுனியிலேயே தெரிந்துவிடும். இன்று ராத்திரி விரிகிறதை ஒரு பக்கம், பிந்தி விரிகிறதை இன்னொரு பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். சந்தையில் வாங்கிக் கொடுத்தாலும் கட்டுவார்கள்தான். வீட்டுச் செடிப் பூ என்றால் பேச்சே வேறு. எந்தக் கிளையில் பறித்தாய், இன்னும் எவ்வளவு மொட்டு நிற்கிறது, எறும்பு ஏறியிருக்கிறதா என்று நார் தீரும்வரை பேச்சு ஓடும். அந்தப் பேச்சுக்காகவே தினமும் செடியில் பூ வேண்டும் எனக்கு.

வருஷத்தில் பெரும்பாலான மாதம் சமாளித்துவிடுகிறேன். மாசி கடைசியில் குண்டுமல்லி தொடங்கிவிடும். பங்குனி, சித்திரை முழுக்க அதுதான். மகளுக்குப் பரீட்சை வருவதும் அப்போதுதான். சாயங்காலம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆச்சிக்கு மொட்டு பறிக்கப் போய்விடுவாள். படிப்பு கெடுகிறது என்று வீட்டுக்காரர் சத்தம் போடுவார், நான் தடுப்பதில்லை. சித்திரை விஷுவுக்குக் கனி வைக்கிற கொன்றை மட்டும் குளத்தங்கரை மரத்திலிருந்து வரும். வைகாசியில் பிச்சி. மொட்டாக இருக்கும்போது வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், விரிந்தால் வெள்ளை. பிச்சி வாசம் இல்லாத கல்யாண வீட்டை நம் பக்கத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஆவணியில் ஓணத்துக்கு மகன் அத்தப்பூ போடுவான், அதற்குக் கேந்தி வைத்துவிடுவேன். அந்த நேரம் கேரளத்துக்காரர்கள் மொத்தமாக வாங்க வருவதால் சந்தையில் விலை எகிறும். புரட்டாசியில் செம்பருத்தி, நந்தியாவட்டை. ஐப்பசி மழையில் பவளமல்லி. அது ராத்திரி பூத்து விடியும் முன்னே உதிர்ந்துவிடும். மகன் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் ஈர மண்ணிலிருந்து பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவான். நாரில் கட்ட முடியாத பூ அது, ஊசி நூலில்தான் கோக்க வேண்டும். ஊசி அவனுடைய வேலை, வரிசை ஆச்சியுடைய வேலை. கார்த்திகை, மார்கழியில் டிசம்பர் பூவும் செவ்வந்தியும்.

இடிக்கிறது ஆனி பாதியிலிருந்து ஆடி கடைசி வரைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். முப்பந்தல் காற்றாலையெல்லாம் எதனால் சுற்றுகிறதோ அதே காற்றுதான். எங்களுக்கு மேற்கே வயல், மறிப்பதற்கு ஒன்றும் கிடையாது. பிச்சிக் கொடி ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும், மல்லி மொட்டு ஓரம் கருகி உதிரும், செம்பருத்தி இதழ் காலை பத்து மணிக்கே கிழிந்து தொங்கும். அந்த நாட்களில் அத்தை நாரை நனைத்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். எனக்குத் தாங்கவில்லை.

காற்றிலும் பூக்கிற, சரம் கட்டத் தோதான செடி எது? மேற்குப் பக்கம் சுவர் எடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர், எடுத்தால் பலன் உண்டா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வாசலில் வைத்திருக்கிற செவ்வந்தி இலையும் தழையுமாக நிற்கிறது, பூ மட்டும் ரொம்பப் பிந்தி வருகிறது. அதே தாய்ச் செடியிலிருந்து பிரித்துக் கிணற்றடியில் வைத்தது சரியான நேரத்தில் பூக்கிறது. ஒரே மண், ஒரே உரம். என்ன காரணமாக இருக்கும்?

தோவாளைத் தோட்டம் எழுதியது:

அக்கா, முதலில் சுவர் விஷயம். வேண்டாம். முழுச் சுவரில் முட்டுகிற காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கும். அந்தச் சுழலில் செடிக்கு அடி விழும். காற்றைப் பாதி விட்டுப் பாதி மறிக்கிற வேலிதான் நல்லது. உயிர்வேலி நன்றாக வளர்ந்துவிட்டால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றின் வேகம் தணியும். ஆள் உயர வேலியே உங்கள் முற்றத்துக்குப் போதும்.

நான் சொல்லுகிறது நொச்சி. கம்பு ஊன்றினால் வந்துவிடும், ஆடு அவ்வளவாகக் கடிக்காது, சாயங்காலம் இலையைப் புகை போட்டால் கொசுவும் போகும். அதற்கு உள்பக்கமாக ஒரு வரிசை அரளி வையுங்கள். அரளி இலையைத் தொட்டுப் பாருங்கள், தடிமனாக, ஒடுங்கி இருக்கும். காற்று அதை லேசில் உலர்த்த முடியாது. எங்கள் தோட்டத்தில் ஆடியில் மற்றதெல்லாம் மடங்கிக் கிடக்கும்போது அரளிதான் கூடை நிறைக்கிறது. அத்தை தோவாளைக்காரர் என்றால் நான் விளக்க வேண்டியதில்லை: இதழை மடித்து மடித்துக் கட்டுகிற நம் மாணிக்க மாலையை அரளியிலும் நொச்சி இலையிலும்தானே கட்டுகிறோம். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவுக்கே பெருமை.

ஒன்று மட்டும் கவனம். அரளியில் வேர் முதல் பூ வரை எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் வந்து போகிற வீடானால் கை எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். கழித்த கொம்பை மாட்டுக்குப் போடுகிற தழையோடு சேர்க்கக் கூடாது, அடுப்பிலும் எரிக்கக் கூடாது.

அப்புறம் பிச்சி. கொடியாக ஓடவிட்டால்தான் காற்றுக்குப் பிடி. மார்கழி பாதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்யுங்கள், புதர் மாதிரி குட்டையாக நிற்கும். குண்டுமல்லிக்கு அதற்கும் முன்னே, கார்த்திகை தொடங்கினதும் கவாத்து. வெட்டுகிறபோது அத்தையைப் பார்க்க வைக்காதீர்கள், வயதானவர்களுக்கு மனசு கேட்காது. எங்கள் அம்மா சண்டைக்கே வந்துவிடுவார்.

ஆடிக் காற்று மண்ணையும் உலர்த்திவிடும். செடியின் அடியில் தேங்காய்க் கதம்பையைப் பரப்பிவிட்டுச் சாயங்காலம் தண்ணீர் விடுங்கள்.

மலையடி டீச்சர் (குலசேகரம்) எழுதியது:

எங்களுக்கு உங்கள் கவலைக்கு நேர் எதிர்க் கவலை. ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மல்லி வேர் அழுகாமல் காப்பாற்றுவதே பெரிய பாடு, அதனால் வராந்தாவில் ஆந்தூரியம்தான் அதிகம். பொழுது விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போகிற வீடு, பூவை நின்று ரசிக்க ஞாயிற்றுக்கிழமைதான் நேரம். ஆந்தூரியம் பறிக்காமல் விட்டால் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், அதனால் எங்களுக்குத் தோது.

உங்கள் செவ்வந்திக்கு வருகிறேன். வாசலில் தெருவிளக்கு இருக்கிறதா? நான் தாவரவியல் பாடம் எடுக்கிறவள், முதலில் அதைத்தான் கேட்பேன். செவ்வந்தி ராத்திரியின் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூக்கிற செடி. ராத்திரி நீள ஆரம்பித்தால்தான் மொட்டு விடும். நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை அளவு வடக்கே இருப்பதால் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தை அந்தச் செடி உணர்ந்துகொள்கிறது என்பதே எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், வகுப்பில் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்துவிடும். விடிய விடிய விளக்கு எரிந்தால் அதற்கு ராத்திரி என்பதே கிடையாது. இலை விட்டுக்கொண்டே நிற்கும்.

ஆவணி கடைசியிலேயே அந்தத் தொட்டிகளைக் கிணற்றடிக்கு மாற்றுங்கள். மொட்டு நன்றாகத் திரண்டு நிறம் காட்டிய பிறகு வாசலுக்குக் கொண்டுவந்தால் போதும், அதற்கு மேல் விளக்கு ஒன்றும் செய்யாது.

புதூர் மருமகள் எழுதியது:

டீச்சர், விளக்கு இருக்கிறது! பழையது மங்கலாக எரிந்தது, அதை மாற்றி வெள்ளை எல்.இ.டி. போட்ட பிறகுதான் இந்தப் பிரச்சினை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்று ராத்திரியே தூக்கி வைக்கிறோம்.

தோட்டக்காரத் தம்பி, நீங்கள் எழுதினதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். நொச்சி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் சரம்தான் கட்டினார்கள், மாணிக்க மாலை கட்டுகிற வீடு பக்கத்து வீடு. அரளி இதழை மடித்து மடித்து வைக்கிறதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். மகளைக் கூப்பிட்டு ஒரு பழைய காகிதத்தை மடித்துக் காட்டச் சொன்னார்கள், இருவரும் ராத்திரி சாப்பாட்டையும் மறந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பிள்ளை தவழுகிற பிள்ளை, அடிக்கடி வரும். ஆகவே அரளி வேலியோரம் மட்டும், உள்ளே வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் கேட்கிறது இன்னொன்று: அரளியும் நொச்சியும் வளர்ந்து வர நாளாகுமே, வருகிற ஆடிக்குள் என்ன?

குளச்சல் கடற்கரை எழுதியது:

வாடாமல்லி வையுங்கள் சகோதரி. யாரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

எங்கள் வீடு கடலிலிருந்து கல்லெறி தூரம். உப்புக் காற்று. நிற்கிறது அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, வாடாமல்லி. இந்த நான்கில் கட்டுவதற்குத் தோதானது வாடாமல்லிதான். அதன் நிறமெல்லாம் காகிதம் போலச் சரசரக்கிற மேல்செதிலில் இருக்கிறது. அதில் ஈரமே குறைவு, காற்று அதிலிருந்து எதைப் பிடுங்கும்? செடியும் முழங்கால் உயரம்தான், கிளை கிளையாகப் படரும், காற்று மேலே ஓடிவிடும். பறிக்கும்போது காம்பை நீளமாக விட்டுப் பறிக்க வேண்டும், இல்லையென்றால் நாரில் நிற்காது.

விதைத்தால் மூன்று மாதத்துக்குள் பூ வந்துவிடும். நாங்கள் ஆடியில் விதைப்பது நவம்பர் 2-க்காக. கல்லறைத் திருநாளுக்கு அப்பா, பெரியம்மை, சின்ன வயதில் போன தம்பி எல்லாருக்கும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும்தான். மெழுகுவர்த்தி அணைந்து, மழை பெய்து, ஒரு வாரம் கழித்துப் போனாலும் அந்த ஊதா அப்படியே இருக்கும். கடையில் விலை கொடுத்து வாங்குகிற வழக்கம் இப்போது கூடிவிட்டது. எங்கள் அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை, வீட்டில் பூத்தது ஒரு பிடியாவது போக வேண்டும் அவர்களுக்கு. உங்கள் அத்தை சொல்லுவதும் அதுதானே.

நீங்கள் பங்குனிக் கடைசியில் விதையுங்கள். ஆனி பாதியில் பறிக்கத் தொடங்கலாம். முற்றின பூவைக் கசக்கினால் அதுவே விதை. போன வருஷத்து விதை டப்பாவில் நிறைய இருக்கிறது, நாகர்கோவில் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன்.

புதூர் மருமகள் எழுதியது:

அண்ணன், விதை கண்டிப்பாக வேண்டும். வாடாமல்லி என்றதும் அத்தை சொன்ன பதில்: "வாசம் இல்லேன்னா என்ன, கைக்கு வேலை இருக்குல்லா." நடுவே கொழுந்தும் மருவும் வைத்துக் கட்டினால் வாசத்துக்கு வாசமும் ஆச்சு என்று அவர்களே வழியும் சொல்லிவிட்டார்கள். கொழுந்து ஆடிக் காற்றுக்குத் தாங்குமா? நொச்சிக் கம்பு எந்த அளவில் வெட்ட வேண்டும்?

தோவாளைத் தோட்டம் எழுதியது:

கொழுந்து, மரு இரண்டையும் தொட்டியில் வைத்துக் கிழக்குச் சுவரோரம் ஒதுக்கிவிடுங்கள் அக்கா, வீடே மறைப்பாகிவிடும். நுனி கிள்ளக் கிள்ளத் தழையும்.

நொச்சிக்குப் பெருவிரல் தடிமன் கம்பு, முழங்கை நீளம். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், மேல்முனையில் சாணம் அப்பிவிடுங்கள். ஓரடிக்கு ஒன்று வீதம் ஊன்றினால் வேலி அடர்த்தியாக வரும். ஐப்பசி மழையில் ஊன்றுங்கள், தண்ணீர் சுமக்க வேண்டாம். எங்கள் வேலியைக் கழிக்கிறது அந்த நேரம்தான். சந்தைக்கு வருகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள், ஒரு கட்டு எடுத்து வைக்கிறேன். அரளிக்கு வெள்ளையும் சிவப்பும் கலந்து வேண்டுமா, ஒன்று போதுமா என்று மட்டும் அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.