6.6 என்று வந்த அந்த அக்காவின் ரிப்போர்ட்

ஆய்வகப் பணியாளர், திண்டுக்கல்:

16 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என்னைத் தூங்கவிடாமல் செய்த ரிப்போர்ட் ஒன்று உண்டு. மெஷினில் கோளாறு இல்லை, மெஷினைச் சோதிக்கக் காலையில் ஓட்டிய கன்ட்ரோல் (அளவு தெரிந்த மாதிரி) சரியாக இருந்தது, பெயர் மாறவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் அந்த நம்பர் ஒரு பெண்ணைப் படாத பாடு படுத்திவிட்டது.

பக்கத்து நூற்பாலை ஒன்றில் உடல் பரிசோதனை முகாம் நடந்தது. 42 வயது அக்கா ஒருவருக்கு மூணு மாச சுகர், அதாவது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, 6.6 சதவீதம் வந்தது. 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்ளலாம் என 2011-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது, அளவைக் குழப்பும் வேறு நோய் இருக்கக் கூடாது என்றும் அதே அறிக்கையில் சொல்லியிருக்கிறது. முகாம் நெரிசலில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? "உங்களுக்கு சுகர் வந்திருச்சும்மா" என்று சொல்லி மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த அக்கா மாத்திரைக்குப் பயந்து அதை வாங்கவே இல்லை. ராத்திரிச் சோற்றை மட்டும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தலை சுற்றுகிறது என்று எங்கள் கூடத்துக்கு வந்தார். "தம்பி, சுகர் இன்னும் ஏறிருச்சான்னு பாரு" என்றார். வெறும் வயிற்றில் 88. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 121. இரண்டும் சரியான அளவு. எனக்குப் புரியவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தத்தில் அணுக்களையும் ஓட்டினேன். ஹீமோகுளோபின் 7.4, சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 66. இரண்டுமே குறைவு.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணு ஒவ்வொன்றும் நடுவில் வெள்ளை, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு, ரப்பர் வளையல் மாதிரி. இடையிடையே பென்சில் போல நீண்ட அணுக்கள். இரும்புச்சத்து தீர்ந்துபோன ரத்தத்தின் முகம் அது.

சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் ரத்தத்தில் சுற்றுகிறது. அத்தனை நாளும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். இரும்பு இல்லாத உடம்பில் புது அணுக்கள் குறைவாகவே உண்டாவதால் ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடுகிறது, ஒட்டிய சர்க்கரையும் அதிகமாகத் தெரிகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அக்காவுக்கு ஒரு வருடமாக மாதவிலக்கில் அதிகப் போக்கு இருந்திருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டி. அதை முகாமில் யாரும் கேட்கவில்லை, அவராகச் சொல்லவும் கூச்சம். வைத்தியம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் நான்கு மாதம் சாப்பிட்ட பிறகு ஹீமோகுளோபின் 11.2. மூணு மாச சுகர் 5.7.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஊட்டச்சத்து ஆய்வுக் களப்பணியாளர், விழுப்புரம்:

எனக்கு ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்துப் பரிசோதனையில் நடந்தது. ஐப்பசி மழையில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தோம். பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு ஃபெரிட்டின் 24. ஐந்து வயதுக்குக் கீழே 12-க்குக் குறைந்தால்தான் பற்றாக்குறை என்று எங்கள் தாளில் அச்சடித்திருந்தது. 'போதுமான அளவு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பையனோ தாய் சேலைக்குள் சுருண்டு, கூப்பிட்டால் ஏறிட்டுப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

ஃபெரிட்டின் உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும். காய்ச்சல், சளி, அழற்சி எது வந்தாலும் இருப்பு கூடாமலே அதுவும் ஏறிவிடும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி அவனுக்கு 18 இருந்தது. அது 5-ஐத் தாண்டினாலே ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். நோய்த்தொற்றோ அழற்சியோ உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு 30-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அதன்படி பார்த்தால் அவன் பற்றாக்குறைக்காரன். நான் டிக் போட்டது தவறான கட்டம்.

ஒரு பிள்ளைக்கு நடந்த தவறைத் திருத்திவிடலாம். ஒரு மாவட்டம் முழுக்க மழைக்காலத்தில் எடுத்து, சிஆர்பி பார்க்காமல் கூட்டினால், இரும்புக்குப் பஞ்சமே இல்லை என்று கணக்கு வந்துவிடும். மருந்து ஒதுக்குகிறவர் கைக்குப் போவது அந்தக் கணக்குதான்.

ஒரு மகள், தஞ்சாவூர்:

அப்பாவுக்கு நேர் எதிராக நடந்தது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ், கூடவே ரத்தம் ஊற ஊசி, இரண்டு முறை ரத்தமும் ஏற்றினார்கள். மூணு மாச சுகர் 5.6 வந்தது. "பாத்தியா பாப்பா, சுகர் போயே போச்சு" என்று அப்பா அத்தனை சந்தோஷப்பட்டார். நாங்களும் நம்பி வீட்டில் விரல் குத்திப் பார்ப்பதை நிறுத்தினோம். ஒருநாள் சும்மா குத்திப் பார்த்தால் 268. புது அணுக்கள் அதிகமாக இருந்தால் சர்க்கரை ஒட்ட அவகாசமே இருக்காது, அதனால் குறைத்துக் காட்டும் என்று பிறகு ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கூடத்துக்கு அப்பா டயாலிசிஸ் நோயாளி என்பதே தெரியாது. சீட்டில் பெயரும் வயதும் மட்டும்தான் இருந்தது.

குடும்பநலக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவர், சேலம்:

ரத்தசோகை பார்க்க நாங்கள் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுப்போம். குளிர்ந்த கையில் ரத்தம் வராது, பிதுக்கத்தான் தோன்றும். பிதுக்கினால் திசுநீரும் கலந்து ஹீமோகுளோபினைக் குறைத்துக் காட்டிவிடும். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 58.6 சதவீதம் ரத்தசோகை. 2016-18-ல் நரம்பில் ரத்தம் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1 முதல் 4 வயதில் சுமார் 41. வயது வரம்பும் செய்முறையும் வேறு என்பதால் வித்தியாசம் முழுவதையும் விரல்மேல் போட மாட்டேன். ஆனாலும் பிதுக்கிய ஒவ்வொரு விரலும் இப்போது ஞாபகம் வருகிறது. 2024-ல் உலக சுகாதார நிறுவனமும் நரம்பு ரத்தத்தையே பரிந்துரைத்தது.

ஆய்வகப் பணியாளர், திண்டுக்கல்:

சேலம் அண்ணா, நீங்கள் சொன்ன அதே 2016-18 ஆய்வில்தான் 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 10-ல் ஒருவர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பதாக வந்தது. அதற்குப் பார்த்த அளவுகளில் மூணு மாச சுகரும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் இரும்பு குறைந்தவர்களைப் பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணை மேடையில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அக்கா முகம் வந்து நிற்கிறது.

தஞ்சாவூர் தங்கச்சி, உங்கள் அப்பா கதையைப் படித்துவிட்டு நேற்று எங்கள் சீட்டில் இரண்டு வரி சேர்த்தேன்: 'கடந்த நான்கு மாதத்தில் ரத்தம் ஏற்றினார்களா? டயாலிசிஸ் உண்டா?' மூணு மாச சுகருக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுவிட்டு, அதே டியூபில் ஹீமோகுளோபினும் எம்சிவியும் பார்த்துக் கீழேயே அச்சடித்துக் கொடுக்கிறோம். இன்று காலை 31 பேர் வந்தார்கள். நால்வருக்கு எம்சிவி 75-க்குக் கீழே. அவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்காமல் டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னேன்.