ஓபெரா பஃபா: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,
இத்தாலிய இசை பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், சிரிப்பு ஓபெராவைக் குறிக்கும் 'ஓபெரா பஃபா'வில் மாட்டிக்கொண்டேன். ஓபெராவுக்கு 'இசை நாடகம்' போட்டாயிற்று. 'நகைச்சுவை இசை நாடகம்' என்றால் அட்டவணையில் இடம் கொள்ளவில்லை. இந்த வகையில் பேசப்படும், இசையமைப்பாளர் பெர்கொலேசியின் 'லா செர்வா பத்ரோனா' (நேப்பிள்ஸ், 1733) அவருடைய கனமான ஓபெரா ஒன்றின் அங்கங்களுக்கு நடுவே ஆடிய இடைநாடகம். பாடுகிறவர் இரண்டே பேர், மூன்றாமவன் வாய் திறக்காத வேலைக்காரன். இவ்வளவு சின்னதற்கு அவ்வளவு பெரிய பெயரா?
– மொழிபெயர்ப்பவர்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்தால் போதுமே. 'எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகைநான்கு என்ப'. தொனிசெத்தியின் 'தோன் பாஸ்குவாலே'யில் (1843) கிழவர் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டு படும் பாட்டில் இந்த நான்கும் உண்டு. ஆகவே 'நகைக்கூத்து'. இன்னொன்று: பஃபாவின் வேர் கன்னத்தை உப்பி ஊதுதல். உப்பு, உப்பா, பஃபா. ஆய்வுக்குரியது!
– புலவர்

ஐயா, உப்பை விடுங்கள். 'நகைக்கூத்து' என்று நோட்டீஸ் அடித்தால் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று கேட்பார்கள். தவிர, கூத்து என்றால் விடிய விடிய நடப்பது.
– சென்னை ஆசிரியை

சீமரோசாவின் 'இல் மாத்ரிமோனியோ செக்ரேத்தோ'வை 1792இல் வியன்னாவில் கேட்ட பேரரசர், எல்லாருக்கும் சாப்பாடு போட்டு முழுவதையும் மறுபடி பாடச் சொன்னதாகக் கதை உண்டு. அதுவும் விடிய விடியத்தான்!
– புலவர்

எங்கள் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், அப்புறம் பபூன். அந்தப் பபூன் யார்? இத்தாலியின் 'புஃபோனே', பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக மதுரைக்கு வந்தவர். பஃபாவும் அதே வீட்டுப் பிள்ளை. சொல் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? 'பபூன் நாடகம்' என்று போடுங்கள், மேடை பார்த்தவனுக்குப் புரியும்.
– மதுரைக்காரர்

திண்ணையில் இருப்பவரெல்லாம் வீட்டுக்காரர் ஆகிவிட முடியாது. கலைச்சொல் தமிழாக இருக்கட்டும்.
– புலவர்

வேர் பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. ரொசீனியின் 'செவில் நாவிதர்' (ரோம், 1816) பபூன் வந்து போகும் காட்சி இல்லை. அதில் நாவிதர், மருத்துவர், பாட்டு வாத்தியார் என்று வரிசையாக எல்லாரும் பாட்டாலேயே சிரிக்க வைக்கிறார்கள். சிரிப்பு இசைக்குள்ளேயே இருக்கிறது. சொல்லிலும் இரண்டும் ஒட்டியிருந்தால் நல்லது.
– சென்னை ஆசிரியை

அப்படியானால் 'நகையிசை நாடகம்'. மூவர் சரி என்கிறார்கள், நேரமும் இல்லை. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ஓபெரா பஃபா' என்று போட்டுவிடுகிறேன். மதுரைக்காரருக்கு அடிக்குறிப்பில் ஒரு வரி உண்டு.
– மொழிபெயர்ப்பவர்

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?
– மதுரைக்காரர்

உப்பு விஷயத்தை இதுவரை ஒருவரும் சான்றோடு மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.
– புலவர்