'சிஸ்டரிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்துத் தந்த ஒப்பந்தக்காரர், கழிவுக் குழாய்க்கு வழிவிடுவதற்காகத் தளத்தைத் தாங்கும் குறுக்குமரங்கள் மூன்றின் அடிவிளிம்பை அறுத்துவிட்டுப் போய்விட்டார். பேஸ்மென்டில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மரத்தின் உயரம் 235 மி.மீ. கனடாவின் கட்டட விதிப்படி அதில் போடும் துளை உயரத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது, விளிம்பிலிருந்து 50 மி.மீ. தள்ளியும் இருக்க வேண்டும். அடிவிளிம்பிலோ கைவைக்கவே கூடாது. பாரம் ஏறினால் இழுபடுவது அந்த விளிம்புதான்.

அனுமதி எடுத்து நானே சரிசெய்தேன். குழாயை மரங்களுக்குக் கீழே இறக்கி, ஜாக்கி வைத்துத் தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் அதே உயரமுள்ள புதுமரத்தைப் பசை தடவி, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கினேன். புதுமரத்தின் இரு முனைகளும் பழையதைப் போலவே சுவரிலும் உத்தரத்திலும் உட்கார வேண்டும். முழுநீள மரத்தைச் சாய்த்து நுழைத்து நிமிர்த்துவதற்குள் இடுப்பு விட்டுப்போனது.

இந்த வேலைக்கு இங்கே 'சிஸ்டரிங்' என்று பெயர். எழுதிவரும் குறிப்பில் 'அக்கா வைத்தல்' என்றா போடுவது? ஒரு சொல் சொல்லுங்கள்.

—

ஐயா, 'முட்டுக்கொடுத்தல்' இருக்கிறதே? எங்கள் வீட்டில் தச்சுவேலைதான். சாயும் எதற்கும் அப்படித்தான் சொல்வோம். இல்லையென்றால் 'துணைமரம்'.

—

'உடன்கட்டை' எப்படி? கூடவே நிற்கும் கட்டை.

—

மூவருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்... மன்னிக்கவும், இருவர்தான், இன்னொருவர் தனிமடலில் 'இணைமரம்' என்றிருந்தார்.

முட்டு என்பது கீழிருந்து தாங்குவது. நான் வைத்த ஜாக்கிதான் முட்டு. வேலை முடிந்ததும் எடுத்தாயிற்று. 'இணைமரம்' என்றால் முனையோடு முனை சேர்த்து நீட்டியது போலத் தொனிக்கிறது. 'துணைமரம்' எனக்கும் பிடித்தது. ஆனால் துணை என்றதும் துணைத்தலைவர், துணைவேந்தர் என்று ஒருபடி கீழே போய்விடுகிறது. இங்கே புதிதாக வந்ததுதான் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கிறது.

'உடன்கட்டை' படித்துச் சிரித்துவிட்டேன். ஏறுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும்! ஆனால் அதன் முன்பாதி நல்ல சொல். உடன்பிறந்தாள், உடன்படிக்கை என்று உறவும் பக்கத்தில் நிற்பதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் 'உடன்மரம்'. வினையாக வேண்டுமானால் 'உடன்மரம் சேர்த்தல்'. "வெட்டுப்பட்ட மூன்றுக்கும் உடன்மரம் சேர்த்தேன்" என்று எழுதிப் பார்த்தேன், நெருடவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், சந்தில் செருகும் 'ஷிம்'முக்கு யாரும் சொல் தேட வேண்டாம். ஆப்பு இருக்கிறது. ஒப்பந்தக்காரர் எனக்கு வைத்ததும் அதுதான்.