பிரெஞ்சுப் புரட்சில ராஜா தலையே போச்சு, கொஸ்ஸெக் எப்படி தப்பிச்சாரு?

காட்பாடி_அப்பா:
பையன் வயலின் கிளாஸ்ல இப்போ கொஸ்ஸெக்னு ஒரு பழைய இசையமைப்பாளரோட கவோத் (ஒரு டான்ஸ் மெட்டு) வாசிக்கிறான், வீடு பூரா அதான் ஓடுது. யாருன்னு தேடினா 1734ல பொறந்து 1829ல செத்திருக்காரு, 1784லேந்து பாரிஸ்ல ராஜா பேர்ல இருந்த பாட்டு ஸ்கூல நடத்தினவராம். அப்புறம் புரட்சி வந்துச்சே, இவர மட்டும் எப்படி விட்டாங்க?

பழைய_ரெக்கார்டு:
விட்டாங்களா? புரட்சிக்கே ஆஸ்தான வித்வான் அவருதாங்க. அதுவரைக்கும் பாட்டுக்காரங்களுக்கு சோறு போட்டது அரண்மனை, பிரபுக்கள் வீடு, சர்ச். மூணும் கவுந்துச்சு. 1725லேந்து பாரிஸ்ல நடந்த கான்செர் ஸ்பிரித்யுவெல்ங்கற பொதுக் கச்சேரி வரிசை 1790ல நின்னுபோச்சு, கதீட்ரல் பாட்டு பள்ளிங்களையும் மூடிட்டாங்க. ஆனா புது அரசாங்கத்துக்கு விழா மேல விழா, அதுக்கெல்லாம் பாட்டு வேணும்ல. 1790 ஜூலை 14 ஷாம்ப் த மார்ஸ் மைதான விழாவுக்கு தெ தேயும்ங்கற சர்ச் துதிப்பாட்டு எழுதினது கொஸ்ஸெக், அடுத்த வருஷம் புரட்சித் தலைவர் மிராபோ சவ ஊர்வலத்துல அவரோட சோக மார்ச், 1794 ஜூன்ல அப்போ ஆட்சிய கையில வெச்சிருந்த ரோபெஸ்பியர் நடத்தின விழாவுக்கும் அவரு பாட்டு. அடுத்த மாசமே ரோபெஸ்பியர் தலை போச்சு, இவரு 1795ல வந்த கன்செர்வத்வார்ங்கற பாரிஸ் அரசு இசைப் பள்ளில இன்ஸ்பெக்டர் ஆயிட்டாரு! என்னைக் கேட்டா கொள்கையெல்லாம் அப்புறம், யாரு வந்தாலும் வேலைய ஒழுங்கா செஞ்சு குடுத்த ஆளு.

கிளாரினெட்_குடியாத்தம்:
நான் பேண்ட் செட்டுல ஊதுறவன், எங்க ஆளுங்கள விட்டுட்டீங்களே சார். அந்த கன்செர்வத்வாரே பேண்ட்லேந்து வந்ததுதான். சர்ரெத்னு ஒருத்தரு நேஷனல் கார்டுங்கற மக்கள் காவல் படைக்கு பேண்ட் சேத்தாரு, அதுக்கு ஆள் பழக்கறதுக்கு ஸ்கூல் வெச்சாரு, அதுதான் வளந்து வளந்து அவ்ளோ பெரிசாச்சு. மைக் இல்லாத காலம், மைதானம் பூரா ஜனம், அங்க வயலின் இன்னாத்துக்கு ஆவும்? நம்மூர் புஷ்ப பல்லக்குக்கு முன்னாடி வீணைய வெச்சிக்கினு ஒக்காந்தா யாருக்கு கேக்கும், நாதஸ்வரம்தான வேணும். அதான் கிளாரினெட், ஹார்ன், டிரம்புன்னு எழுதித் தள்ளினாங்க.

கோட்டை_வாசல்:
எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லீங்க. ஸ்ட்ராஸ்பர்க்கார எடெல்மான், நல்ல கீபோர்டு கம்போசர், 1794 ஜூலை 17 அன்னிக்கு கில்லட்டின்ங்கற தலைவெட்டி மெஷின்ல போனாரு, ரோபெஸ்பியருக்கு பதினோரு நாள் முன்னாடி, பாவம். இப்போ பிரான்ஸ் தேசிய கீதமா இருக்கற மார்செய்யேஸ் எழுதின ரூஜே த லீலையே ஜெயில்ல போட்டாங்க, அத மொதல்ல பாடினது எந்த மேயர் வீட்லயோ அந்த தித்ரிஷ் தலையும் போச்சு. குவாதலூப்ல ஒரு அடிமைத் தாய்க்குப் பொறந்து பாரிஸையே ஆட்டிவெச்ச வயலின் புலி செயின்ட் ஜார்ஜ், புரட்சிப் படைல கர்னலா இருந்தும் அவருக்கும் ஜெயில்தான்.


காட்பாடி_அப்பா:
அடேங்கப்பா. செயின்ட் ஜார்ஜ் வயலின் கான்செர்ட்டோ பையனுக்கு வருமா?

பழைய_ரெக்கார்டு:
இப்போ வேணாங்க, விரல் மேல வரைக்கும் ஓடணும். மெஹ்யுல் 1794ல போட்ட ஷான் த்யு தெபார்ங்கற புரட்சிப் பாட்டு மெட்ட எடுக்கச் சொல்லுங்க, பாடறதுக்குன்னே போட்டது, சீக்கிரம் புடிச்சிடுவான்.