"எப்படி வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்லும் நிறுவனத்தின் நேர்காணலுக்கு எதை அணிந்து செல்வது?

அம்பத்தூரான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, கறுப்பு ஷூ அணிந்து, திங்கட்கிழமைகளில் டையும் கட்டிக்கொண்டு போகும் அலுவலகம் அது. என்ன உடுத்துவது என்று யோசிக்க வேண்டிய தேவையே இதுவரை எனக்கு ஏற்பட்டதில்லை.

வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்குப் பெருங்குடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு நேர்காணல் இருக்கிறது. நாற்பது பேருக்குள்தான் பணிபுரிகிறார்கள். உடை பற்றிக் கேட்டபோது, மனிதவளப் பிரிவில் பேசியவர், "இங்கே எந்தக் கட்டுப்பாடும் இல்லை, எப்படி வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர்களுடைய இணையப் பக்கத்தில் உள்ள படங்களில் எல்லோரும் டி-ஷர்ட் அணிந்திருக்கிறார்கள். ஒருவர் அரைக்கால் சட்டையோடு நிற்கிறார்.

என் தந்தையோ, "அவர்கள் ஆயிரம் சொல்வார்கள், வேலை கேட்டுப் போகிறவன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் போக வேண்டும்" என்கிறார். டையோடு போனால் வேற்று ஆளாகத் தெரிவேனோ என்றும், டி-ஷர்ட்டோடு போனால் அலட்சியமாக வந்திருக்கிறான் என்று நினைப்பார்களோ என்றும் இரு பக்கமும் அச்சமாக இருக்கிறது. இத்தகைய இடங்களில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெருங்குடிவாசி:

நண்பரே, இதே பெருங்குடியில் இதே போன்ற ஒரு நிறுவனத்தில், மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து ஏழெட்டு ஆண்டுகளாக ஆட்களைத் தேர்வு செய்து வருகிறேன் என்பதால், பார்த்ததைச் சொல்கிறேன். நேர்காணல் முடிந்ததும் நாங்கள் நிரப்பும் படிவத்தில் உடை என்று ஒரு கட்டமே கிடையாது. ஆனாலும் வந்தவர் எழுந்து போனபின் அவருடைய உடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றால், அவர் சரியாக உடுத்தியிருந்தார் என்றே பொருள். பேச்சு எழுந்த இரண்டு சந்தர்ப்பங்கள் நன்றாக நினைவில் இருக்கின்றன.

ஒருவர் மே மாதத்தில் கோட்டு அணிந்து வந்தார். வேர்த்துக் கொட்டியது, ஏசியைக் கூட்டினோம், தண்ணீர் கொடுத்தோம், கோட்டைக் கழற்றிவிடுங்கள் என்றும் சொன்னோம். உள்ளே சட்டை முழுவதும் நனைந்திருந்ததால் அவரால் கழற்ற முடியவில்லை. முதல் பத்து நிமிடங்கள் அவர் எங்கள் கேள்விகளைக் கேட்டாரா, தம் வியர்வையைக் கவனித்தாரா என்று எங்களுக்கே தெரியவில்லை. இன்னொருவர், எங்கள் அலுவலகம் எளிமையானது என்று யாரோ சொல்லக் கேட்டு, நெஞ்சில் நான்கு வரி வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு வந்தார். வாசகம் வேடிக்கையானதுதான், ஆனால் அவர் பேசப் பேச நாங்கள் மூவரும் அதைப் படித்துக்கொண்டிருந்தோம். இருவருமே திறமையானவர்கள், இருவருக்கும் அந்த உடையால் வேலை போகவில்லை. ஆனால் அரைமணி நேர உரையாடலில் சில நிமிடங்களைத் துணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே டை வேண்டாம், கோட்டு வேண்டவே வேண்டாம். காலர் உள்ள சட்டை, கறுப்பு அல்லாத பேன்ட் போதும். சட்டையை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்பது உங்கள் விருப்பம். சட்டையின் அடிப்பகுதி நேராக வெட்டப்பட்டிருந்தால் வெளியே விடலாம், இருபுறமும் வளைந்து வால்போல நீண்டிருந்தால் உள்ளே விடுவதற்காகத் தைத்தது அது.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியிலும் திருவான்மியூர், அடையாறு பக்கத்திலும் சிறு நிறுவனங்கள் பல, குடியிருப்பு வீடுகளை வாடகைக்கு எடுத்து நடக்கின்றன. அங்கே வாசலிலேயே செருப்பையும் ஷூவையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷூவுக்கு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது வாசலோடு நின்றுவிடும். உங்களோடு உள்ளே வருவது சாக்ஸ்தான். கட்டைவிரல் ஓட்டையை மறைக்க ஒரு காலை மற்றொரு காலின்மேல் வைத்துக்கொண்டே முழு நேர்காணலையும் முடித்த ஓர் இளைஞரைப் பார்த்திருக்கிறேன். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "என்ன அணிய வேண்டும்" என்று கேட்காமல், "உங்கள் அலுவலகத்தில் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டுமா, என்னை நேர்காணல் செய்பவர்கள் அன்றாடம் எப்படி வருவார்கள்" என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும்.

நூல்சேலை:

மேலே சொல்லியிருப்பது ஆண்களுக்குச் சரி. இதே கேள்வியோடு இங்கு வரும் பெண்களுக்காகவும் சில வரிகள் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் "எப்படி வேண்டுமானாலும்" என்ற சொல் எங்களிடம் வந்து சேரும்போது அதன் பொருள் சற்று மாறிவிடுகிறது.

என் இரண்டாவது வேலைக்கான நேர்காணலுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த சுங்குடிச் சேலையில் போனேன். முன்பு நான் பணியாற்றிய கல்லூரியில் அதுதான் அன்றாட உடை. உள்ளே நுழைந்ததிலிருந்து வரவேற்பில் ஒருவர், தண்ணீர் கொண்டுவந்தவர், நேர்காணல் செய்தவர் என மூன்று பேர் "இன்று ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்கள். அவர்களுடைய அலுவலகத்தில் பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் மட்டுமே சேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தவறாக யாரும் எண்ணவில்லை, வேலையும் கிடைத்தது. இருந்தாலும், கல்லூரியில் என்னைக் கூட்டத்தோடு சேர்த்த அதே சேலை இங்கே என்னைத் தனியாக நிறுத்தியது எனக்கு வியப்பாகவே இருந்தது.

இப்போது யாராவது கேட்டால் கைத்தறிப் பருத்திக் குர்த்தியும் நேரான பேன்ட்டும் என்று சொல்கிறேன். கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடிக் காலத்தில் வாங்கினால் விலையும் கட்டுப்படியாகும். துப்பட்டா வேண்டுமா என்பதை அலுவலகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் பழக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பழக்கமில்லாத துப்பட்டா ஒவ்வொரு நிமிடமும் தோளிலிருந்து நழுவும். பழகியவர் அதை விட்டுவிட்டுப் போனால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாது. முந்தைய இரவே அந்த உடையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை நாற்காலியில் உட்காருங்கள், வலக்கையை உயர்த்திச் சுவரில் எழுதுவதுபோல் பாருங்கள். பலகையில் எழுதச் சொல்வார்கள். கையை உயர்த்தியதும் எங்கே இழுக்கிறது, எங்கே ஏறுகிறது என்பது கண்ணாடிமுன் நேராக நிற்கும்போது தெரியாது.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

தம்பி, உங்கள் தந்தையின் வயதுதான் எனக்கும். நான் தலைமைச் செயலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். எழுதி வைத்த விதி இருக்கும் இடத்தில் உடை பற்றிய குழப்பமே இல்லை. 2019-இல் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு அரசாணையே வந்தது. பெண்களுக்குச் சேலை, துப்பட்டாவோடு கூடிய சுடிதார் முதலியவை, ஆண்களுக்குச் சட்டையும் பேன்ட்டும் அல்லது வேட்டி. அதற்கு முன், 2014-இல், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாததால் எழுந்த எதிர்ப்பில், சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதை வைத்து நேர்காணலுக்கு வேட்டியில் போகலாமா என்று என் பேரன் கேட்டான். தாராளமாகப் போகலாம், ஆனால் ஒட்டும் வேட்டி வேண்டாம், கட்டத் தெரிந்தால் போ என்றேன்.

எழுதாத விதி இருக்கும் இடம்தான் கடினம். "கட்டுப்பாடு இல்லை" என்று சொல்பவர்களும் மனத்துக்குள் ஒன்றை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. உங்கள் தந்தை சொல்வதில் பாதி சரி, அவர் சொல்ல வருவது பெல்ட்டைப் பற்றி அல்ல, மரியாதையைப் பற்றி. முனையில் இருக்கும் இஸ்திரி வண்டியில் புதன்கிழமை காலையே சட்டையைக் கொடுத்து வாங்கி, மடிக்காமல் ஹாங்கரில் மாட்டி வையுங்கள். அதிலேயே மரியாதை வந்துவிடும்.

பெருங்குடிவாசி:

பெரியவர் இஸ்திரியைச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அம்பத்தூரிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறிப் பெருங்குடியில் இறங்குவதாக இருந்தால், அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. மெட்ரோ வேலை நடப்பதால் சாலையில் புழுதி வேறு. இப்போது கத்திரி வெயில். காலை 11 மணி என்பது பெரும்பாலும் கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய நேரம், நகரம் புழுங்கும் நேரம்.

இந்த நிலையில் உங்கள் கவலை டையைவிட நிறத்தைப் பற்றி இருக்க வேண்டும். வெளிர் நீலமும் சாம்பலும் வேண்டாம். துணி நனைந்ததும் அந்த இடம் கருத்துத் தெரியும். இடைப்பட்ட நிறங்களில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது, வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. பாலியஸ்டர் கலந்த சட்டை கசங்காது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வாடையும் தங்கும். லினன் காற்றோட்டமானது, ஆனால் ரயிலில் உட்கார்ந்து எழுந்தால் வைக்கோல் கட்டுபோல ஆகிவிடும். நடுத்தரத் தடிமன் உள்ள பருத்தியே நல்லது. பத்தரைக்குள் வந்து, பக்கத்தில் எங்காவது ஒரு தேநீர்க் கடையின் மின்விசிறிக்குக் கீழே கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள்.

அம்பத்தூரான்:

அனைவருக்கும் நன்றி. இன்று மீண்டும் தொலைபேசியில் அழைத்து, பெருங்குடிவாசி ஐயா சொன்னபடி கேள்வியை மாற்றிக் கேட்டேன். அலுவலகம் ஒரு வீட்டின் முதல் மாடியில்தான் இருக்கிறது. வாசலில் காலணி கழற்ற வேண்டும். என்னை நேர்காணல் செய்பவர்களில் ஒருவர் நிறுவனர், படத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்பவர் அவர்தான். மற்றொருவர் தணிக்கையாளர், எப்போதும் முழுக்கைச் சட்டையில் வருபவர். இந்தத் தகவல் முதல் முறை பேசியபோதே மனிதவளப் பிரிவில் பேசியவரிடம் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

கருநீலப் பருத்திச் சட்டை, பழுப்புப் பேன்ட், பெல்ட் உண்டு, டை இல்லை என்று முடிவாகியிருக்கிறது. பாண்டி பஜாரில் இரண்டு ஜோடி சாக்ஸ் வாங்கிவிட்டேன். சட்டையை உள்ளே விட்டு, கைகளைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பப் போகிறேன். கையை முழங்கைவரை மடித்துவிடுவதைத் தெருமுனை தாண்டிய பிறகு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அப்பா அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.